பக்கத்து பெஞ்சில் யார்?

பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தேடும்போது நாம் என்னவெல்லாம் கேட்கிறோம் என்று கவனித்திருக்கிறீர்களா? ஸ்மார்ட் கிளாஸ் உண்டா, வேன் எந்த வழியாக வரும், பத்தாம் வகுப்பில் எத்தனை சென்டம். இதெல்லாம் அலுவலக அறையில் கேட்பவை. மனசுக்குள் இருக்கும் கேள்வியை வெளியே வந்து, கேட் ஓரம் நிற்கும் இன்னொரு தாயிடம் குரலைத் தாழ்த்திக் கேட்கிறோம்: "இங்க எந்த மாதிரி பசங்க வராங்க?" என்ன பதில் வேண்டும் என்பது கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். "எல்லாம் நல்ல ஃபேமிலிதான்" என்று வந்துவிட்டால் நிம்மதி. கட்டணம் கூடுதலாக இருந்தாலும் கடன் வாங்கியாவது கட்டிவிடுகிறோம்.

உங்களைக் கடிந்துகொள்ளத்தான் இதை எழுதுகிறேன். நாம் கட்டுகிற கட்டணத்தில் ஒரு பங்கு பாடத்துக்காகப் போகவில்லை. ஏழை வீட்டுப் பிள்ளையும் வேறு சாதிப் பிள்ளையும் நம் பிள்ளையின் தோளுரச உட்காராமல் பார்த்துக்கொள்வதற்காகப் போகிறது. பாசத்தின் பெயரால் செய்கிறோம். ஆனால் இது அநியாயம். நம் பிள்ளைக்குமே இதனால் பெரிய நன்மை எதுவும் இல்லை என்பதற்கு ஆய்வுகள் வந்து ஆண்டுகள் பல ஆகின்றன. முனைவர் பட்டத்துக்காக இளம் ஆய்வாளர்கள் பள்ளி பள்ளியாக ஏறி இறங்கி எழுதிய ஆய்வுகளும் அவற்றில் உண்டு. நாம் அவற்றைத் திரும்பியும் பார்ப்பதில்லை. வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியதை மட்டும் அப்படியே நம்புகிறோம்.

கௌதம் ராவ் என்ற பொருளியல் ஆய்வாளர் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்தபோது, நாம் கேட் ஓரம் முணுமுணுக்கும் அதே கேள்வியைத்தான் கையில் எடுத்தார். வசதியான வீட்டுப் பிள்ளைகளின் வகுப்பில் ஏழைப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தால், வசதியான பிள்ளைகளுக்கு என்ன ஆகும்? இதைக் கண்டறிய டெல்லி அவருக்கு வாகாக அமைந்தது. அங்கே பல தனியார் பள்ளிகள் அரசிடமிருந்து சலுகை விலையில் நிலம் வாங்கியவை. 2007இல் அந்தப் பள்ளிகள் புதிய சேர்க்கையில் ஒரு பங்கை ஏழைக் குழந்தைகளுக்கு ஒதுக்கியே ஆகவேண்டும் என்று கட்டாயம் வந்தது. அதற்கு முன் சேர்ந்த வகுப்புகளில் அப்படிப்பட்ட பிள்ளைகள் இல்லை. பின் சேர்ந்த வகுப்புகளில் இருந்தார்கள். அதே பள்ளி, அதே ஆசிரியர்கள், அதே மாதிரி வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள். ஏழைத் தோழர்களோடு படித்தவர்களையும் படிக்காதவர்களையும் ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.

முதலில் நீங்கள் கேட்கத் துடிக்கும் மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன். இந்தியிலும் கணக்கிலும் எந்த மாற்றமும் இல்லை. ஆங்கிலத்தில் மட்டும் லேசான சரிவு தெரிந்தது. அதுவும் உறுதியாகச் சொல்ல முடியாத அளவுக்குச் சிறியது. இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் இந்த ஒரு வரியை மட்டும் படம் பிடித்துக் குழுவில் போட்டு "பாத்தீங்களா, நான் அப்பவே சொன்னேன்ல" என்று எழுதப் போகிறவர்கள் மீதியையும் தயவுசெய்து படியுங்கள்.

ஏழைத் தோழர்களோடு படித்த பிள்ளைகள், பள்ளியில் ஒரு தொண்டு காரியத்துக்கு ஆள் கேட்டபோது அதிக எண்ணிக்கையில் முன்வந்தார்கள். கையில் உள்ள பணத்தை முகம் தெரியாத இன்னொரு பிள்ளையோடு பங்கிடச் சொன்னபோது தாராளமாகக் கொடுத்தார்கள். அடுத்த சோதனை ஓட்டப்பந்தயம். அதைப் படித்துவிட்டு வெகுநேரம் வேறு எதையும் படிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். தனியார் பள்ளிப் பிள்ளைகளையும் ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் மாணவர்களையும் ஒரே மைதானத்தில் ஓடவிட்டு, யார் வேகம் என்று எல்லோர் கண்ணாலும் பார்க்கச் செய்தார்கள். பிறகு தொடர் ஓட்டத்துக்கு அவரவர் கூட்டாளியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். வென்றால் பரிசுப் பணம் உண்டு. தேர்ந்தெடுத்த கூட்டாளியோடு சேர்ந்து பொழுதைக் கழிக்கவும் வேண்டும். வேகமாக ஓடுபவன் ஏழைப் பையன். மெதுவாக ஓடுபவன் தன்னைப் போன்ற வசதியான வீட்டுப் பையன். யாரைத் தேர்ந்தெடுப்பார்கள்?

பரிசு 500 ரூபாய் என்றால் நூற்றுக்கு ஆறு பேர்தான் வேகமான ஏழைப் பையனை ஒதுக்கினார்கள். அதே பரிசு 50 ரூபாயாகக் குறைந்ததும் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர் ஒதுக்கினார். ஏற்கெனவே ஏழைத் தோழர்களோடு ஒரே வகுப்பில் படித்திருந்தால் இந்த ஒதுக்கல் நன்றாகவே குறைந்தது. இந்த ஆய்வு 2019இல் அமெரிக்கப் பொருளியல் சங்கத்தின் முதன்மை இதழில் வெளியானது.

அந்த 500 ரூபாயையும் 50 ரூபாயையும் நம் வீட்டுக்குக் கொண்டுவந்து பாருங்கள். நம் பிள்ளை பரீட்சைக்கு முந்தின நாள் நோட்டு வாங்க எந்த வீட்டுக்கும் போவான். பள்ளி அணி ஜெயிக்க வேண்டுமென்றால் எந்தத் தெருப் பையனையும் அணியில் சேர்த்துக்கொள்வான். இழப்பு பெரிதாக இருக்கும் இடத்தில் ஒதுக்க மாட்டான். பிறந்தநாளுக்கு யாரை அழைப்பது, யார் டப்பாவிலிருந்து ஒரு வாய் சாப்பிடுவது, வேனில் யாருக்கு இடம் பிடித்து வைப்பது போன்ற, பெரிதாக எதுவும் இழக்கத் தேவையில்லாத சின்னச் சின்ன இடங்களில்தான் ஒதுக்குவான். இந்தச் சின்ன இடங்கள் ஆசிரியர் கையில் இல்லை. நம் கையில்தான் இருக்கின்றன. பிறந்தநாள் பட்டியலை எழுதுவது நாம். "அவன் டப்பாவுல எல்லாம் கை வைக்காதே" என்று சொல்லி அனுப்புவதும் நாம்தான்.

போன கல்வியாண்டு முடியும் நேரத்தில், எனக்குத் தெரிந்த பெற்றோர் சிலர் கூடி ஒரு மனு எழுதினார்கள். கல்வி உரிமைச் சட்டத்தில் சேர்ந்த பிள்ளைகளைத் தனி செக்‌ஷனில் போடவேண்டும் என்று கோரிக்கை. மிகவும் நாகரிகமாக எழுதியிருந்தார்கள். "அவர்களுடைய வேகத்துக்கு ஏற்பப் படிக்க அது அவர்களுக்கும் உதவும்" என்று ஒரு வரி. கையெழுத்துப் போட்டவர்களில் படித்தவர்கள் உண்டு, மேடையில் சமூகநீதி பேசுகிறவர்களும் உண்டு. அவர்களிடமும், வேறு ஊர்களில் வேறு பள்ளிகளில் இதே மனுவை மனசுக்குள் எழுதி வைத்திருக்கும் உங்களிடமும் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தப் பிள்ளைகள் யார்? 2010 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, சிறுபான்மையினர் நடத்துபவை தவிர்த்த தனியார் பள்ளிகள் தொடக்க நிலைச் சேர்க்கையில் 25 விழுக்காடு இடங்களை நலிந்த, ஒடுக்கப்பட்ட பிரிவுக் குழந்தைகளுக்குத் தரவேண்டும். இந்த ஒதுக்கீடு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் பள்ளிக்கு ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் வசிப்பவர்களுக்கு முன்னுரிமை. அதாவது அவர்கள் நம் தெருமுனைக்காரர்கள். நமக்குத் துணி தேய்த்துத் தருபவரின் மகள், பூக்காரம்மாவின் பேரன், ஆட்டோ ஓட்டுபவரின் பையன். அவர்களிடம் பூ வாங்கிச் சாமிக்குச் சாத்துகிறோம். அவர்கள் வீட்டுப் பிள்ளையோடு நம் பிள்ளை உட்கார்ந்தால் மட்டும் ஆகாது என்கிறோம்.

"நாங்க கட்டற ஃபீஸ்ல அவங்க ஓசியில படிக்கிறாங்க" என்பது அடிக்கடி காதில் விழும் இன்னொரு பேச்சு. இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கான தொகையை அரசு பள்ளிக்கு ஈடுகட்ட வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. அரசு அதைத் தாமதமாகக் கொடுக்கலாம். அப்போது கேட்க வேண்டியது அரசைத்தான், ஆறு வயதுக் குழந்தையை அல்ல. அரசு கொடுப்பதும் வரிப்பணம். சோப்பு வாங்கினாலும் செருப்பு வாங்கினாலும் வரி கட்டுகிற பூக்காரம்மாவின் பணமும் அதில் இருக்கிறது.

தனி செக்‌ஷன் என்ற கோரிக்கைக்கு வருகிறேன். இப்படிச் சேர்ந்த பிள்ளைகளை வகுப்பறையில் பிரித்து வைக்கக்கூடாது, வேறு இடத்திலோ வேறு நேரத்திலோ தனியாக வகுப்பு நடத்தக்கூடாது என்று மத்திய அரசு வகுத்த மாதிரி விதிகள் தெளிவாகவே சொல்கின்றன. புத்தகம், சீருடை, நூலகம், விளையாட்டு எதிலும் வேற்றுமை காட்டக்கூடாது. பெற்றோரையோ குழந்தையையோ நேர்காணல் செய்து வடிகட்டுவதும் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 25,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனாலும் நாம் நல்ல புடவை கட்டிக்கொண்டு, ஆங்கிலத்தில் நாலு வாக்கியம் ஒத்திகை பார்த்துக்கொண்டு அந்த நேர்காணலுக்குப் போய் நிற்கிறோம். நாம் போய் நிற்பதால்தான் அது நடக்கிறது.

பிரித்து வைப்பது யாருக்கு நல்லது என்று பார்க்க இன்னொரு ஆய்வு உண்டு. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் மேல்சாதி, கீழ்சாதி எனப்படும் வீடுகளின் சிறுவர்களை உட்காரவைத்து, காகிதத்தில் புதிர்ப்பாதைகளைத் தீர்க்கச் சொன்னார்கள். தீர்த்த ஒவ்வொன்றுக்கும் காசு. யாருடைய சாதியையும் சொல்லாதபோது இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே மாதிரி தீர்த்தார்கள். பிறகு சிறுவர்களைக் கலந்து உட்காரவைத்து ஊர், அப்பா பெயர், தாத்தா பெயர், சாதி என்று எல்லோர் முன்னும் வாசித்தார்கள். கீழ்சாதி எனப்பட்ட சிறுவர்களின் திறன் சட்டென்று விழுந்தது. சற்று முன் தீர்த்த அதே வகைப் புதிர், அதே மூளை. மூன்றாவதாக, சாதிவாரியாகத் தனித்தனியே உட்காரவைத்துச் சாதியை அறிவித்தபோது மேல்சாதிச் சிறுவர்களின் திறனும் குறைந்தது. நமக்கென்று தனி இடம் இருக்கிறது என்று ஆனபின் முயல வேண்டிய தேவை அவர்களுக்குக் குறைந்துபோயிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். தனி செக்‌ஷன் கேட்டு மனு எழுதியவர்கள் இதைத்தான் தங்கள் பிள்ளைகளுக்குக் கேட்கிறார்கள்.

"அவங்க அப்பா அம்மாவுக்கு அக்கறையே கிடையாது, ஒரு மீட்டிங்குக்கு வர்றதில்ல." இதைச் சொல்லாத வகுப்பு இல்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் அனெட் லாரோ 1980களில் தன் முனைவர் பட்ட ஆய்வுக்காக இரண்டு தொடக்கப் பள்ளிகளைத் தேர்ந்தெடுத்தார். ஒன்று தொழிலாளர் குடும்பங்கள் இருக்கும் பகுதியில், மற்றது வசதி படைத்தவர்கள் பகுதியில். அந்த ஆய்வு 1989இல் புத்தகமாக வந்தது. இரண்டு பள்ளி ஆசிரியர்களும் பெற்றோரிடம் எதிர்பார்த்தது ஒன்றே. இரு பக்கப் பெற்றோரும் பிள்ளை நன்றாகப் படிக்கவேண்டும் என்றே விரும்பினார்கள். வேறுபாடு வேறெங்கோ இருந்தது. தொழிலாளர் குடும்பத்தினர் படிப்புச் சொல்லித் தருவது ஆசிரியரின் வேலை, அதற்குப் படித்தவர் அவர், நாம் தலையிடக்கூடாது என்று மரியாதையோடு ஒதுங்கி நின்றார்கள். வசதியானவர்கள் ஆசிரியரைத் தமக்குச் சமமாகவோ ஒரு படி கீழாகவோ கருதினார்கள். வகுப்பறைக்குள் வந்தார்கள், கேள்வி கேட்டார்கள், தம் பிள்ளைக்கு இது வேண்டும் அது வேண்டும் என்று வாங்கிக்கொண்டார்கள். பள்ளியோ இரண்டாவது வகையைத்தான் அக்கறை என்று எண்ணியது.

நம் ஊரில் பெற்றோர் கூட்டம் எப்போது நடக்கிறது? சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. கட்டட வேலைக்குப் போகிறவருக்கு அன்று கூலி நாள். சனிக்கிழமைதான் வாரச் சம்பளமும் கைக்கு வரும். தறி ஓட்டுகிறவர் ஷிப்டை விட்டு வரமுடியாது. கூட்டத்துக்கான சுற்றறிக்கை ஆங்கிலத்தில் வரும். தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்தாலும் முன்வரிசையில் நாம் உட்கார்ந்து மிஸ்ஸோடு ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருப்போம். அந்த அம்மா கடைசி வரிசையில் பத்து நிமிடம் நின்று, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார். அதற்குப் பெயர் அக்கறையின்மையா? அவரிடம் ஒருமுறையாவது "வாங்க, இப்படி உக்காருங்க" என்று நகர்ந்து இடம் கொடுத்திருக்கிறோமா? கூட்டத்தை ஞாயிறு மாலைக்கு மாற்றச் சொல்லி ஒரு மனு எழுதியிருக்கிறோமா? செக்‌ஷன் பிரிக்க எழுதத் தெரிந்த நமக்கு இதை எழுதவா தெரியாது?

அந்த வீடுகளில் கல்விக்கு உதவும்படி எதுவும் இல்லை என்ற எண்ணமும் நம்மிடம் ஊறிக் கிடக்கிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் டூசான் என்ற ஊரில் லூயிஸ் மோல் என்ற ஆய்வாளரும் சக ஆய்வாளர்களும் பள்ளி ஆசிரியர்களையே ஆய்வாளர்களாகப் பயிற்றி, மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர் வீடுகளுக்கு அனுப்பினார்கள். குறை கண்டுபிடிக்க அனுப்பவில்லை. அந்த வீடுகளில் என்ன அறிவு இருக்கிறது என்று கற்றுவர அனுப்பினார்கள். விவசாயம், சுரங்க வேலை, வண்டி பழுதுபார்த்தல், மூலிகை, வரவுசெலவு என்று எவ்வளவோ இருந்தது. ஒரு மாணவன் மெக்சிகோ மிட்டாயைக் கொண்டுவந்து அக்கம்பக்கத்தில் விற்கிறான் என்று தெரிந்ததும், அவனுடைய ஆசிரியை மிட்டாயை வைத்தே கணக்கும் அறிவியலும் கலந்த ஒரு பாடத்தை அமைத்தார். மிட்டாய் செய்துகாட்ட ஒரு மாணவரின் தாய் வகுப்புக்கு வந்தார். 1992இல் இதைப் பற்றி அவர்கள் எழுதிய கட்டுரை இன்றும் ஆசிரியர் பயிற்சிகளில் படிக்கப்படுகிறது.

நம் ஆண்டு விழாவை எண்ணிப் பாருங்கள். வாடகை உடைக்கு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு என்று கேட்டால் யார் பிள்ளை மேடையேறும்? யார் பிள்ளை "எனக்கு டான்ஸ் பிடிக்காது" என்று வீட்டில் பொய் சொல்லும்? பறையடிக்கத் தெரிந்த பையன் அந்தப் பள்ளியிலேயே இருப்பான். அது தெரியாமலேயே எட்டு வருஷம் ஓடிவிடும், ஏனென்றால் அதைச் சொன்னால் எந்தத் தெரு என்று தெரிந்துவிடும் என்று அவன் சொல்லவே மாட்டான். அவன் வாயை அடைத்தது யார்?

தனியார் பள்ளிப் பெற்றோரை மட்டும் நான் சொல்லவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவனையும் தடுக்க வந்த தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் சக மாணவர்கள். சாதியைச் சொல்லித் தன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்று பள்ளியில் சொன்னதுதான் அவன் செய்தது. அதன்பின் அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி இவற்றைப் பள்ளியில் தடைசெய்யவேண்டும், பள்ளிப் பெயர்களில் உள்ள சாதியை நீக்கவேண்டும் என்று பல பரிந்துரைகள். கயிற்றை ஆசிரியர் அறுக்கலாம். அதை முதலில் கட்டிக்கொண்டு வந்தபோது எந்த வீட்டிலும் ஒருவர்கூடப் பார்க்கவில்லையா? சோறு போடும்போது அந்தக் கை கண்ணில் படாமலா இருந்தது? பதினாறு வயதுப் பிள்ளைக்கு அரிவாள் எடுக்கும் அளவு வெறுப்பு எந்தப் பாடப்புத்தகத்திலிருந்து வரும்?

அதே 2023இல், காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுதும் விரிந்த சில நாட்களில், தூத்துக்குடி மாவட்டத்திலும் கரூர் மாவட்டத்திலும் கிராமப் பள்ளிகளில் பிள்ளைகள் சாப்பிட மறுத்தார்கள் என்று செய்தி வந்தது. சமைத்தவர் பட்டியல் சாதிப் பெண். காலையில் பசித்த வயிற்றோடு வந்த ஆறு வயதுக் குழந்தைக்குச் சூடான உப்புமாவைப் பார்த்து இதெல்லாம் தோன்றாது. வீட்டில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அதிகாரிகள் வந்து பேசினார்கள், மக்கள் பிரதிநிதி ஒருவர் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார். இத்தனை பேர் வந்து பேசவேண்டி வந்ததே, அதற்குப் பொறுப்பு அந்த ஊர்ப் பெற்றோர் அல்லவா? சேர்ந்து உண்ணட்டும் என்றும்தானே 1950களில் காமராசர் காலத்திலிருந்து இந்த மாநிலம் பள்ளியில் சோறு போடுகிறது.

உங்களிடம் நான் கேட்பது பெரிய தியாகம் அல்ல. அப்படி ஒரு மனு உங்கள் கைக்கு வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். ஏன் போடவில்லை என்பதைப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவிலேயே, எல்லோரும் படிக்க எழுதுங்கள். அடுத்த பிறந்தநாளுக்கு வகுப்பு முழுவதையும் கூப்பிடுங்கள், கேக் சின்னதாக இருந்தால் இருக்கட்டும். கல்வியியல் படிக்கும் ஆய்வு மாணவர் யாராவது கேள்வித்தாளோடு வந்து நின்றால் "டைம் இல்லை" என்று கதவைச் சாத்தாதீர்கள். "நாங்க சாதியெல்லாம் பாக்கறதில்லை" என்று எழுதிக் கொடுத்து அனுப்பவும் வேண்டாம். அடுத்தவர் பிள்ளைகளைப் பற்றி நீங்கள் உண்மையில் என்ன நினைக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். உங்கள் பெயர் வெளியே வராது. பொய்யான விடைகளை வைத்துக்கொண்டு எந்த ஆய்வாளரும் நம் பள்ளிகளைச் சரிசெய்ய வழி சொல்ல முடியாது.

அரசுப் பள்ளியில் பிள்ளையைப் படிக்க வைப்பவர்களுக்குக் கையிலேயே ஒரு கருவி இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்கவேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்கவேண்டும், நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கேற்ற இடம் வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அந்தக் குழுவின் அடுத்த கூட்டம் என்றைக்கு என்று நாளைக்கே தலைமையாசிரியரிடம் கேளுங்கள். கூலி வேலைக்குப் போகிறவர்களும் வருகிற மாதிரி மாலை ஆறு மணிக்கு மேல் வைக்கச் சொல்லுங்கள். வரும்போது உங்கள் தெருவில் இல்லாத, உங்கள் சாதியில் இல்லாத ஒரு பிள்ளையின் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். முதலில் அவர் பேசட்டும்.